பனியில் பெத்லகேம்: ஒல்லாந்தரின் குளிர்கால ஓவியமும் வடசென்னைக் கடற்கரையும்

டிசம்பர் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள ஆலயங்களில் குடில்கள் எழுகின்றன. ஓலைக் கூரையின்மேல் பஞ்சு பரப்பப்படுகிறது. தெர்மோகோலை உதிர்த்துத் தூவும் சபைகளும் உண்டு. வாழ்த்து அட்டைகளில் வெண்பனி மூடிய சிற்றூரையும் ஊசியிலை மரத்தையும் சறுக்கு வண்டியையும் காண்கிறோம். வெளியிலோ வடகிழக்குப் பருவமழையின் கடைசி மேகங்கள் நிற்கின்றன. தெருவோரத்தில் மழைநீர் இன்னும் வடியவில்லை. கடலுக்குப் போகாத படகுகள் மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கின்றன.

இம்முரண்பாட்டைக் குறித்துத் திருச்சபையில் இரு கருத்துக்கள் உலவுகின்றன. வெள்ளையர் விட்டுச்சென்ற அடிமைப் பழக்கம் இது, இதனை அகற்றவேண்டும் என்பர் ஒரு சாரார். சிறுவர் மகிழும் அலங்காரத்தில் இறையியல் தேடுவானேன் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் வரலாற்றைக் கேட்பதில்லை. மீட்பர் பிறந்த ஊரைப் பனியால் மூடியவர் யார்? எக்காரணம் பற்றி மூடினார்? இக்கேள்வியைப் பின்தொடர்ந்தால் நாம் பதினாறாம் நூற்றாண்டின் தாழ்நாடுகளுக்குச் செல்லவேண்டும். அந்நாட்டார் பின்னர் கப்பலேறி எண்ணூருக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டில் கோட்டை கட்டியவர்களாதலால், கேள்வி நம் கரைக்கே திரும்பியும் வருகிறது.

புரூகலின் ஊர்

ஐரோப்பிய ஓவியத்தில் பனி வெகுகாலம் இடம்பெறவில்லை. இடைக்காலத்தின் இறுதியில், செல்வர்கள் தங்கள் செபப் புத்தகங்களின் நாட்காட்டிப் பக்கங்களில் மாதத்திற்கு ஒரு காட்சி வரைவித்தபோதுதான் அது நுழைந்தது. பெரி நாட்டுக் கோமகனுக்காக லிம்பூர்க் சகோதரர் மூவர் ஏறத்தாழ 1412 முதல் 1416 வரை அணிசெய்த நூலில், பிப்ரவரி மாதப் பக்கம் பனி படர்ந்த ஒரு பண்ணையைக் காட்டுகிறது. அச்சகோதரர் கெல்டர்லாந்தின் நைமேகன் நகரத்தார். கெல்டர்லாந்து என்னும் பெயரை வாசகர் நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறோம். அது பின்னர் பயன்படும்.

பனியைப் பெரிய பலகைகளின்மேல், தனி ஓவியத்தின் பொருளாகவே கொண்டுவந்தவர் மூத்த பீட்டர் புரூகல். ஆண்ட்வெர்ப்பிலும் புருசெல்ஸிலும் பணிபுரிந்து 1569இல் மரித்தவர். 1564ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலம் மிகக் கொடியது. இன்று அறிவியலார் சிறு பனியுகம் என்றழைக்கும் நூற்றாண்டுகளின் கடுங்குளிர் ஆண்டுகளில் அதுவும் ஒன்று. 1565இல் அவர் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்' இன்று வியன்னாவில் இருக்கிறது. மூன்று வேட்டைக்காரர் நாய்களுடன் வீடு திரும்புகின்றனர். அவர்கள் தோளில் தொங்குவது ஒரேயொரு நரி. பசியின் ஆண்டு அது என்பதை அந்த ஒரு நரியே சொல்லிவிடுகிறது.

நமக்கு அதனினும் முக்கியமானது அடுத்த ஆண்டில், 1566இல், அவர் வரைந்த 'பெத்லகேமில் குடிமதிப்பு'. லூக்கா 2:1-5 அதன் ஆதாரம். ஆனால் படத்தில் யூதேயா இல்லை. பிரபாந்து மாகாணத்தின் ஒரு சிற்றூரே இருக்கிறது. கதிரவன் இலையுதிர்ந்த கிளைகளுக்கிடையே சிவந்து தாழ்கிறான். இடப்புறம் ஒரு சத்திரம். அதன் முன்னே மக்கள் நெருக்கியடித்துக் கொண்டு அலுவலரிடம் வரி செலுத்துகின்றனர். சத்திரத்தின் சுவரில் இரட்டைத் தலைக் கழுகு பொறித்த பலகை மாட்டப்பட்டுள்ளது. அது அகுஸ்துராயனின் சின்னமன்று. தாழ்நாடுகளை அன்று ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசகுலத்தின் சின்னம். முன்னால் ஒரு பன்றியை அறுக்கிறார்கள். சிறுவர் உறைந்த நீரின்மேல் விளையாடுகின்றனர். இத்தனை சந்தடிக்கிடையே ஒருவர் தோளில் வாள்ரம்பம் தாங்கி, ஒரு பெண்ணைக் கழுதைமேல் ஏற்றி, பக்கத்தில் ஓர் எருதுடன் நடந்துவருகிறார். ஊரில் எவரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. படத்தைப் பார்ப்பவரும் முதலில் அவர்களைக் கண்டுகொள்வதில்லை.

இதனை வெறும் காலப்பிழை எனத் தள்ளிவிடலாகாது. நற்செய்தியாளர் குடிமதிப்பைக் குறிப்பிடுவது அலங்காரத்திற்காக அன்று. தொலைவிலுள்ள பேரரசன் ஒருவன் எண்ணிக்கைக்காகவும் வரிக்காகவும் ஏழைகளை இடம்பெயரச் செய்கிறான். அந்த இடப்பெயர்ச்சியின் நடுவில் மீட்பர் பிறக்கிறார். புரூகலின் அண்டைவீட்டாருக்கு இது விளக்கவுரை தேவைப்படாத செய்தி. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் வரிச்சுமையையும், மதமறுப்பாளருக்கு எதிரான அவருடைய ஆணைகளையும் அவர்கள் நேரில் அறிந்தவர்கள். பனியும் அவ்வாறே அறிந்தது. அவர்கள் கூரையின்மேல் அவ்வாண்டு கிடந்த பனி அது. ஆகவே புரூகல் பெத்லகேமை அழகுபடுத்தவில்லை. தம் மக்கள் துன்பப்பட்ட இடத்திற்கு அதனைக் கொண்டுவந்து சேர்த்தார்.

அவருடைய 'மாசற்ற குழந்தைகளின் படுகொலை' இன்னும் கடுமையானது. மத்தேயு 2:16இன் நிகழ்ச்சி பனி மூடிய தெருவில் நடக்கிறது. ஏரோதின் போர்வீரர் சமகாலக் கவசமணிந்த குதிரைவீரராய் நிற்க, கிராமத்தார் கைகூப்பி மன்றாடுகின்றனர். இப்படம் பின்னர் பேரரசர் இரண்டாம் ருடால்பின் உடைமையாயிற்று. குழந்தைகளின் சடலங்கள் மேற்பூச்சால் மறைக்கப்பட்டு, மூட்டைகளாகவும் வாத்து முதலிய பிராணிகளாகவும் மாற்றப்பட்டன. படுகொலை வெறும் கொள்ளையாகக் குறைந்தது. அப்பலகை இன்று இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. தாய் ஒருத்தி மடியில் எதையோ வைத்து அழுகிறாள், அது ஒரு துணிமூட்டை. மேற்பூச்சுக்கு முன்னரே எடுக்கப்பட்ட படிகள் பிழைத்ததால்தான் மூட்டைக்கடியில் இருப்பது இன்னதென்று நாம் அறிகிறோம்.

ஞானிகள் குழந்தையைப் பணியும் காட்சியையும் அவர் கொட்டும் பனியிலேயே வரைந்தார். தொழுவம் படத்தின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. நடுவிலே ஊர்மக்கள் பனிக்கட்டியில் துளையிட்டுத் தண்ணீர் மொள்கின்றனர். மேல்நாட்டு ஓவியத்தில் பனி பொழிந்துகொண்டிருப்பதைக் காட்டிய முதற்படங்களில் இதுவும் ஒன்று.

வெள்ளையடித்த ஆலயங்களும் உறைந்த ஆறுகளும்

குடிமதிப்புப் படம் வரையப்பட்ட அதே 1566ஆம் ஆண்டின் ஆகஸ்டு மாதத்தில், தாழ்நாடுகளெங்கும் சீர்திருத்தக் கூட்டத்தார் ஆலயங்களில் புகுந்து சொரூபங்களையும் பீடப்படங்களையும் உடைத்தனர். மறு ஆண்டு அல்பா கோமகன் படையுடன் வந்தார். நீண்ட போர் மூண்டது. 1585இல் ஆண்ட்வெர்ப் நகரம் ஸ்பானியப் படைகளிடம் வீழ்ந்தபோது, சீர்திருத்தச் சபையார் பெருந்திரளாக வடக்கே குடிபெயர்ந்தனர். நெசவாளர், அச்சுக்கோப்பவர், வணிகர் ஆகியோரோடு ஓவியர்களும் சென்றனர். குளிர்காலக் காட்சி வட மாகாணங்களுக்கு, அதாவது பின்னர் ஒல்லாந்து என நம் முன்னோர் அழைத்த நாட்டிற்கு, ஓர் அகதியாகவே வந்து சேர்ந்தது எனலாம்.

வந்த இடத்தில் அதன் நிலை மாறிற்று. கால்வினியச் சபையார் ஆலயச் சுவர்களை வெள்ளையடித்தனர். பீடப்படத்திற்கு அங்கே வேலையில்லை. ஓவியர் தம் படங்களைச் சந்தையில் விற்று வாழவேண்டியதாயிற்று. 1640இல் ஆம்ஸ்டர்டாமைப் பார்த்த ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டி, இறைச்சிக் கடைக்காரரும் ரொட்டிக் கடைக்காரரும்கூடத் தம் கடைகளில் படம் மாட்டியிருந்ததைக் குறித்து வைத்தார். (இதே மண்டி பத்தாண்டுகளுக்குமுன் குஜராத்தின் கொடும்பஞ்சத்தையும் நேரில் கண்டு எழுதியவர். இரு நாடுகளையும் ஒரே கண் கண்டது.)

இச்சூழலில் எழுந்தவர் ஹென்ட்ரிக் அவெர்காம்ப். 1585இல் ஆம்ஸ்டர்டாமில் திருமுழுக்குப் பெற்றவர். கம்பென் என்னும் சிறுநகரில் மருந்துக்கடைக்காரரின் மகனாக வளர்ந்தவர். வாய்பேச இயலாதவர், ஊரார் அவரைக் கம்பென் ஊமையர் என்றே அழைத்தனர். 1633இல் அவருடைய தாயார், மணமாகாத இம்மகனுக்கு ஆயுள்முழுதும் பராமரிப்புத்தொகை கிடைக்கவேண்டும் என்ற கவலையைத் தம் மரண சாசனத்தில் பதிவுசெய்தார். தாய் இறந்து சில மாதங்களில், 1634இல், மகனும் மரித்தார்.

ஏறத்தாழ 1608இல் அவர் வரைந்த பனிச்சறுக்குக் காட்சி ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உறைந்த கால்வாயின்மேல் ஓர் ஊர் முழுதும் இறங்கியிருக்கிறது. பட்டுடுத்த சீமாட்டியும் நாணற்கட்டு சுமக்கும் கூலியாளும் ஒரே தளத்தில் சறுக்குகின்றனர். ஒருவர் தடுக்கி விழுகிறார். மறைவிடம் தேடி ஒருவர் குந்தியிருக்கிறார். செத்த விலங்கின் உடலை நாயும் காகமும் கொத்துகின்றன. இடப்புறத்து மதுக்கூடத்தின் சுவரில் ஆண்ட்வெர்ப் நகரச் சின்னம் காணப்படுகிறது. விட்டுவந்த ஊரை அகதிகள் மறக்கவில்லை. அருகில் பழங்கதவு ஒன்றைக் குச்சியால் முட்டுக்கொடுத்து அமைத்த பறவைப்பொறி இருக்கிறது. அது புரூகலின் 1565ஆம் ஆண்டுப் படம் ஒன்றிலிருந்து எடுத்தது. குருவுக்குச் செலுத்திய வணக்கம்.

ஆனால் கழுதைமேல் வந்த பெண்ணை இங்கே காணோம். திருக்குடும்பம் பனிக்கட்டியிலிருந்து மறைந்துவிட்டது. இதனை உலகியல்மயமாதலின் தொடக்கம் என்று எழுதும் அறிஞர் உண்டு. நமக்கு அது முழு விடையாகத் தோன்றவில்லை. படைப்பனைத்தும் கடவுளின் மகிமையைக் காட்டும் அரங்கம் என்று கால்வின் போதித்த மக்களுக்கு, உறைந்த ஆறும் அந்த அரங்கின் பகுதியே. சறுக்கிவிழும் மனிதனில் அவர்கள் ஓர் உவமையையும் கண்டனர். புரூகலின் சறுக்குக் காட்சியிலிருந்து செதுக்கிய அச்சுப்படம் ஒன்றின் பிற்பதிப்பு, மனித வாழ்வின் வழுக்கும் இயல்பு என்னும் பொருள்பட லத்தீனில் தலைப்பிடப்பட்டது. இருப்பினும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். கழுகுச் சின்னமும் வரிகொடுக்கும் வரிசையும் மறைந்தபின், பனி மெல்ல மெல்ல இன்பக் காட்சியாயிற்று. சாட்சியின் கூர்மை அதில் மழுங்கியது.

பின்வந்தோரைச் சுருக்கமாகவே சொல்லலாம். யான் வான் கோயென் சாம்பலும் பழுப்பும் கொண்டே குளிரை எழுதினார். ஆர்ட் வான் டெர் நேர் அந்தியொளியைப் பனிக்கட்டியில் பிரதிபலிக்கச் செய்தார். ரெம்பிராண்ட் வரைந்த எண்ணெய்வண்ணக் குளிர்காலக் காட்சி 1646ஆம் ஆண்டின் ஒரு சிறு பலகையே, உள்ளங்கைகள் இரண்டின் அகலம் இருக்கும். யாக்கோப் வான் ரய்ஸ்டாலின் குளிர்காலப் படங்களிலோ விளையாட்டு ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. கருமேகமும் ஆளரவமற்ற குடிசைகளுமே மிஞ்சுகின்றன. நம் கருத்தில், அவெர்காம்பைவிடப் புரூகலுக்கு நெருங்கியவர் ரய்ஸ்டால்.

அதே ஆண்டுகளில் பழவேற்காடு

அவெர்காம்ப் கம்பெனில் பனிக்கட்டியை வரைந்துகொண்டிருந்த ஆண்டுகளில் ஒல்லாந்தர் நம் கடற்கரையில் என்ன செய்துகொண்டிருந்தனர்? அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் நிறுவப்பெற்றது. 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை தொடங்கினர். சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் 1612இல் அதனைத் தாக்கி அழிக்கவே, 1613இல் கோட்டை எழுந்தது. அதனைக் கட்டுவித்த வெம்மர் வான் பெர்கெம் தம் சொந்த மாகாணத்தின் பெயரால் கெல்ட்ரியா என்று பெயரிட்டார். பனியை ஏட்டில் தீட்டிய லிம்பூர்க் சகோதரரின் நாட்டுப் பெயர், உப்பங்கழிக் கரையில் ஒரு பீரங்கிக் கோட்டையின் பெயராயிற்று. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கரையின் ஒல்லாந்து ஆட்சிக்கு அதுவே தலைநகர்.

இக்கரையிலிருந்து அவர்கள் ஏற்றியவை முதலாவது துணிகள். நெசவாளரின் கட்டம்போட்ட துணியும் வண்ண அச்சுத்துணியும் கிழக்குத் தீவுகளில் மிளகுக்கும் சாதிக்காய்க்கும் மாற்றுப்பொருளாயின. கோட்டையருகில் வெடிமருந்தும் செய்தனர். இன்னொரு சரக்கும் இருந்தது. பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், பசியால் தம்மையோ பிள்ளைகளையோ விற்றவர்களும், பிடித்து விற்கப்பட்டவர்களும் தரகர் மூலம் ஒல்லாந்துக் கப்பல்களில் ஏற்றப்பட்டுப் பத்தாவியா முதலிய இடங்களுக்கு அடிமைகளாய் அனுப்பப்பட்டனர். 1620களிலிருந்து அந்நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவ்வாறு சென்றவர் பல்லாயிரவர். அவர்களும் எண்ணப்பட்டார்கள்; அவர்கள் பெயருக்குப் பதில் தொகை கணக்கேட்டில் ஏறியது. அது புரூகல் வரையத் தகுந்த குடிமதிப்பு. ஆனால் வரைய எவரும் இல்லை. தன் ஊரின் பனியை இத்தனை அன்போடு உற்றுநோக்கக் கற்ற மரபு, தன் கப்பல்கள் போய் நின்ற கரையை அந்தக் கண்ணால் நோக்கவில்லை.

ஓவியரின் குடும்பங்களே இதற்குச் சான்று. ஆண்ட்வெர்ப்பிலிருந்து சிறுவனாய் அகதிக் குடும்பத்தோடு வடக்கே சென்ற டேவிட் விங்க்போன்ஸ், ஊர்த்திருவிழாக்களையும் பருவக் காட்சிகளையும் வரைந்து புகழ்பெற்றவர். அவருடைய மகன் யோஹானஸோ கடல்வரைபடங்களும், கம்பெனியின் கிழக்கத்தியத் துறைமுகங்களின் தோற்றங்களும் வரைந்து பிழைத்தார். ஒரே தலைமுறையில் தூரிகை கிராமத் தெருவிலிருந்து பண்டகசாலைக்கு நகர்ந்தது. அப்பனின் படங்களில் நொண்டிகளும் பிச்சைக்காரரும் நிறைந்திருக்கிறார்கள். மகன் வரைந்த துறைமுகங்களிலோ கோட்டைக்கும் கொடிக்குமே முதலிடம்.

நியாயமாக ஒரு பெயரைச் சேர்க்கவேண்டும். சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்குவதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் முன்னரே, சீர்திருத்தச் சபைப் போதகர் ஆபிரகாம் ரொஜேரியஸ் 1630களில் தொடங்கிப் பத்தாண்டளவு பழவேற்காட்டில் ஊழியம் செய்தார். பத்மநாபன் என்னும் அந்தணரிடம் அமர்ந்து கேட்டு இந்நாட்டாரின் சமய வாழ்வை எழுதினார். அவர் இறந்தபின் 1651இல் லெய்டன் நகரில் வெளிவந்த அந்நூல், மறைந்திருந்த சமயத்திற்குத் திறந்த கதவு என்னும் பொருளுடைய பெயர் தாங்கியது; பர்த்ருஹரியின் நீதிமொழிகள் அதன் வழியேதான் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதல் நுழைந்தன. ஓவியர் நோக்காத இடத்தில் ஒரு போதகர் செவிகொடுத்தார். பழவேற்காட்டின் பழைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் நிற்க, உள்ளே அழகுறச் செதுக்கிய கற்களின்கீழ் கம்பெனியின் அலுவலரும் அவர்தம் மனைவியரும் குழந்தைகளும் உறங்குகின்றனர். விற்கப்பட்டவர்களுக்குக் கல் இல்லை.

பஞ்சு வந்த வழி

ஆக, நம் குடிலின் பஞ்சு ஒல்லாந்தர் கொண்டுவந்ததன்று. அது ஆங்கிலேயர் காலத்துச் சரக்கு. 1843இல் லண்டனில் அச்சான முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில்கூடப் பனி இல்லை. ஒரு குடும்பத்தின் விருந்தே இருந்தது. விக்டோரியா காலத்தின் பிற்பாதியில்தான் பனியும் அட்டையும் பிரியாத இணையாயின. 1872இல் வெளிவந்த கிறிஸ்டினா ரோசெட்டியின் கிறிஸ்து பிறப்புக் கவிதையும் அச்சூழலில் பிறந்ததே. மிஷனரிகளின் இல்லங்கள், ஆங்கிலப் பள்ளிகள், தபால் மூலம் அப்படங்கள் சென்னைக்கு வந்தன. புரூகலிடம் வரியும் பசியும் கலந்திருந்த பனி, அட்டையில் வெறும் வெண்மையாகிவிட்டது.

விந்தை என்னவெனில், உறைந்த ஏரியின் பனிக்கட்டியே சென்னைக்கு வந்ததுண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டி மரத்தூளில் பொதிந்த கட்டிகளைப் பிரடெரிக் டூடரின் கப்பல்கள் கொணர்ந்தன. அவற்றைச் சேமிக்க 1840களில் கட்டிய ஐஸ் ஹவுஸ் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்றும் வேறு பெயரில் நிற்கிறது. துறைமுகமில்லாத அந்நாளில் அலைகளைத் தாண்டிச் சரக்கைக் கரைசேர்த்தவர் மசூலாப் படகோட்டிகள். பனியை இவ்வூரில் முதலில் சுமந்தவர் அவர்களே. அதனைக் குடித்தவர் வேறு. இப்போது காசிமேட்டில் விடியுமுன் ஐஸ் கட்டிகளை உடைத்துப் படகில் கொட்டும் தொழிலாளரைக் காண்கிறவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

மொழிபெயர்ப்பாளரின் துணிவு

நம் ஓவியமும் அலங்காரமும் செய்யத் தவறியதை நம் வேதாகம மொழிபெயர்ப்பாளர் செய்திருக்கின்றனர். பழைய திருப்புதலில் எபிரெயச் சொல்லுக்கு நேராக அவர்கள் வைத்தது 'உறைந்த மழை' (2 சாமுவேல் 23:20, ஏசாயா 1:18). பனி என்றால் தமிழருக்குப் புல்நுனியில் நிற்பது. முன்பனி, பின்பனி என்று தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் வகுத்த பருவங்களின் ஈரம். வானத்திலிருந்து விழும் வெண்துகளுக்கு அச்சொல் போதாது என்று கண்டு, நாமறிந்த மழையிலிருந்து ஒரு சொல்லை ஆக்கினர். ஏசாயா 1:18இலும் சங்கீதம் 147:16இலும் எபிரெயத்தில் ஆட்டுமயிர் இருக்கும் இடத்தில் பஞ்சு என்றே எழுதினர். ஆட்டுமயிர் உடுத்தாத நாட்டிற்கு அது தக்க மாற்றம். நம் குடிலின் பஞ்சுக்கு இதைவிட நல்ல வேதாதாரம் வேண்டுபவர் எவரும் இரார்!

இன்னும் சிறந்தது 'மாரிகாலம்'. மத்தேயு 24:20இல், ஓடிப்போவது எக்காலத்தில் நேரலாகாது என்று ஆண்டவர் எச்சரிக்கிறாரோ, அக்காலத்திற்கு அவர்கள் வைத்த சொல் அது. ஆங்கிலத்தைப் பார்த்துக் குளிர்காலம் என்று எழுதுவது எளிது. ஆனால் யூதேயாவின் குளிர்காலம் முக்கியமாக மழைக்காலமே. உன்னதப்பாட்டு 2:11உம் அதற்குச் சாட்சி. பெத்லகேம் மலைமேல் இருப்பதால் அங்கே எப்போதாவது பனி விழுவதுண்டு. எனினும் அங்குள்ள ஏழைகளை அலைக்கழிப்பது மழைதான். மாரிகாலம் என்ற ஒரே சொல்லால் எருசலேமும் எண்ணூரும் ஒரே வானத்தின்கீழ் வந்துவிட்டன. புரூகல் வண்ணத்தால் செய்ததை அவர்கள் சொல்லால் செய்தனர்.

இந்தியக் கிறிஸ்தவ ஓவியர்களும் முயன்றிருக்கின்றனர். கோவாவில் பிறந்த ஏஞ்சலோ தா பொன்சேகா (1902-1967), ஆல்பிரட் தாமஸ், பிராங்க் வெஸ்லி (1923-2002) ஆகியோரின் மரியாள் சேலை உடுத்தாள். கிறிஸ்து தாமரையருகில் அமர்ந்தார். அவர்களுடைய பணி மதிக்கத்தக்கது. ஆயினும் அஜந்தாவின் நளினத்தையும் மொகலாயச் சிற்றோவியத்தின் மென்மையையும் நாடிய அளவுக்கு அவர்கள் குப்பத்தை நாடினர் என்று சொல்ல இயலாது. மேல்நாட்டு அழகுக்குப் பதில் கீழ்நாட்டு அழகு வந்தது; கழுகுச் சின்னமும் வரிசையில் நிற்கும் ஏழையும் வரவில்லை. இசையில் நிலைமை மேலானது. அரசரடி இறையியல் கல்லூரியில் போதித்த தியோபிலஸ் அப்பாவு (1940-2005) கிராமத்து மெட்டிலும் பேச்சிலும் வழிபாட்டை அமைத்தபோது, ஆராதனையின் மொழி ஏழையின் வாய்மொழியாயிற்று. அதற்கு ஈடான தூரிகை நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

மாரிகாலத்தில் எண்ணூர்

இராயபுரத்தின் பெயரே ஒரு மொழிபெயர்ப்பு. கத்தோலிக்க முன்னோர் பேதுருவை ராயப்பர் என்றழைத்தனர்; மீனவரான அந்த அப்போஸ்தலரின் பெயரால் படகோட்டிகளின் ஊர் விளங்குகிறது. நம் வேதாகமத்திலோ சீசருக்குப் பெயர் இராயன். இருவரையும் ஒரே ஒலியில் தாங்கும் ஊருக்குக் குடிமதிப்பின் கதை அந்நியமாகாது. துறைமுகம், இரயில் நிலையம், அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரத்தொழிற்சாலை என்று ஒவ்வொன்றும் வந்தபோது கரையிலிருந்தவர் கணக்கெடுக்கப்பட்டு நகர்த்தப்பட்டனர்.

எண்ணூர்க் கழிமுகத்தில் நிலத்தை வெண்சாம்பல் நிறத்தில் மூடுவது ஒன்றுண்டு. அனல்மின் நிலையத்தின் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றின் படுகையில் பரவிய நிலக்கரிச் சாம்பல் அது. தொலைவிலிருந்து நிழற்படம் எடுத்தால் வான் கோயெனின் குளிர்கால ஆறு போலவே தோன்றும். அதன்மேல் சறுக்குபவர் இல்லை. இடுப்பளவு நீரில் கைகளால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களும், ஆற்றின் ஆழம் குறைந்துபோன மீனவரும் இருக்கின்றனர். சங்கீதம் 147:16 உறைந்த பனியைச் சாம்பலுக்கு ஒப்பிடுவதை இங்கே வாசித்தால் உவமை தலைகீழாகிறது.

இப்பகுதியின் டிசம்பர் நாட்களை எண்ணிப்பார்த்தால் புரூகலின் படங்கள் ஒவ்வொன்றாக நினைவில் எழுகின்றன. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பின் மறுநாள் காலையில் கடல் குப்பங்களுக்குள் வந்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெயை அடித்துக்கொண்டுவந்து கழிமுகத்தில் சேர்த்தது. படகுகளும் வலைகளும் வீட்டுச்சுவர்களும் கருத்தன. மீனவர் தாங்களே வாளிகளில் எண்ணெயை அள்ளினர். இழப்பீட்டுக்காகப் பெயர்கள் பதிவுசெய்யப்பட்டன, வரிசைகள் நின்றன. எவர் பட்டியலில் உண்டு, எவர் இல்லை என்ற வழக்கு நீண்டது. அந்த வரிசையில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணை எந்த ஓரத்தில் வரைவது என்பது ஓவியருக்குரிய கேள்வி. அவளைக் கண்டுகொள்வது ஆயருக்குரியது.

அம்மாதத்திலேயே, டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் வேளையில், கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பம் முதலிய ஊர்களில் உறங்கிக்கொண்டிருந்தவர் கண்ணெரிந்து மூச்சுத்திணறி எழுந்து, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருளில் ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். குடில்கள் இன்னும் பிரிக்கப்படாத வாரம் அது. திருச்சபை நாட்காட்டியில் ஏரோது கொன்ற மாசற்ற குழந்தைகளின் நினைவுநாள் டிசம்பர் 28. நம் ஆலயங்கள் பலவற்றில் அந்நாளுக்குத் தனி ஆராதனை இல்லை. திருமறைப் பாடம் மட்டும் பட்டியலில் அச்சாகியிருக்கிறது.